ஜெயிச்ச புள்ள பேரென்ன?

ரெட்டியார்சத்திரத்தில் பேப்பர் படிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் விலைப் பட்டியல். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி என்ன விலைக்குப் போனது, முருங்கை ஏறியதா இறங்கியதா என்று பார்த்த பிறகுதான் கொலை, கொள்ளை, கோட்டை, டெல்லி எல்லாம். டீக்கடைக்கு வருவது ஒரே பேப்பர் என்பதால் மாஸ்டர் அதைத் தாள் தாளாகப் பிரித்துப் போட்டுவிடுவார். விளையாட்டுத் தாள் பெஞ்சின் ஓரத்தில் கிடக்கும். கிரிக்கெட் இருந்தால் மட்டும் கை மாறிக் கை மாறிக் கிழியும். குத்துச்சண்டை வீரர் ஒருவர் உலகத்தின் எந்த மூலையில் தோற்றாலும் அந்தச் செய்தி எங்களுக்கு இப்படித்தான், டீக்கறையோடு, ஒன்றிரண்டு நாள் பிந்தி வந்தது. சில சமயம் அதற்கும் பிந்தி, பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளில்.

1980-ல் முகமது அலி மெட்ராசுக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆரும் அலியும் சேர்ந்து நின்ற படத்தைப் பார்த்த பிறகு, பழனி ரோட்டில் டீ குடிக்கிறவருக்கும் அலி நம்மாளு ஆகிவிட்டார். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாசில் லாரி ஹோம்ஸிடம் அவர் தோற்றார். வயது 38. பத்தாவது சுற்று முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தவரை அதற்கு மேல் எழவிடாமல், பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சித் துணையாக நின்று அடி வாங்கியவர். நம்மாளு தோற்ற செய்தி இங்கே சில வரிகளில் முடிந்துவிட்டது. யார் ஜெயித்தார், எத்தனையாவது சுற்று, எப்படி. அழுவதற்கு அதில் இடமே இல்லை.

அந்தக் காலத்துப் பத்திரிகைக்கு நேர்மை அதிகம் என்று சொல்ல வரவில்லை. இடம் குறைவு, அவ்வளவுதான். செய்தி முகமையின் தந்தி இங்கிலீஷில் வரும். உதவி ஆசிரியர் ஒருவர் நள்ளிரவில் அதைத் தமிழாக்கி, இருக்கிற இடத்துக்கு வெட்டிப் போடுவார். பாரபட்சம் காட்டக்கூட நாலு வரி கூடுதலாக வேண்டும். இடம் தாராளமாக இருந்த ஊரில் கதை வேறு. 1964-ல் காசியஸ் கிளே தன் பெயரை முகமது அலி என்று மாற்றிக்கொண்ட பிறகும், அவருடைய சொந்த நாட்டுப் பத்திரிகைகள் பல, ஆண்டுக்கணக்கில் அவரைக் ‘கிளே’ என்றே எழுதிக்கொண்டிருந்தன. சொந்த மண் பேப்பர் எப்போதும் சொந்தப் பிள்ளை பக்கம்தான் நிற்கும் என்று சொல்ல முடியாது. பிடிக்காத பிள்ளை என்றால் பெயரைக்கூட ஒழுங்காகப் போடாது.

எங்கள் பக்கத்துப் பாசத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கபடிச் செய்தியைப் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு ஊர் ஊராகக் கபடி நடக்கும். பகுதி நேர நிருபர் பெரும்பாலும் அதே ஊர்க்காரராக இருப்பார். பேப்பர் ஏஜென்சியும் அவர்தான், விளம்பரம் பிடிப்பதும் அவர்தான். பரிசுக் கோப்பை கொடுத்தவர் பெயர், குத்துவிளக்கு ஏற்றியவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர் எல்லாம் வரும். உள்ளூர் அணி தோற்றிருந்தால் ‘போராடித் தோற்றது’ என்று வரும். எத்தனை புள்ளியில் தோற்றது என்று மட்டும் வராது. நேரில் பார்த்த எங்களுக்குத் தெரியும், சில ஆண்டுகள் போராட்டமே நடக்கவில்லை.

கொடைக்கானல் டவர் வந்ததும் ஆன்டெனாவை எல்லாம் மலைப்பக்கம் திருப்பினோம். 1988 சியோல் ஒலிம்பிக்கின் கடைசி நாள், அக்டோபர் 2. (அலி தோற்றதும் இதே தேதியில்தான். காந்தி ஜெயந்திக்கும் குத்துச்சண்டைக்கும் என்ன பொருத்தமோ!) அமெரிக்காவின் ராய் ஜோன்ஸும் தென்கொரியாவின் பார்க் சி-ஹுன்னும் மோதிய இறுதிப்போட்டி. விழுந்த குத்துகளை எண்ணியவர்கள் ஜோன்ஸுக்கு 86, பார்க்குக்கு 32 என்றார்கள். நடுவர்கள் 3-2 என்று பார்க்குக்குக் கொடுத்தார்கள். கையைத் தூக்கிக் காட்டியபோது பார்க்கின் முகத்திலேயே அசடு வழிந்தது. அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கோப்பையை ஜோன்ஸுக்கே கொடுத்து ஈடுகட்டப் பார்த்தார்கள். 1997-ல் ஒலிம்பிக் கமிட்டி, லஞ்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி விசாரணையை மூடியது. 2023-ல் பார்க் தானே அமெரிக்காவுக்குப் போய், ஜோன்ஸின் ஊரான பென்சகோலாவில் அந்தத் தங்கப் பதக்கத்தை அவர் கையில் கொடுத்தார்.

சியோலில் நடந்த கூத்துக்குப் பிறகு 1992 பார்சிலோனாவில் இயந்திரம் வந்தது. குத்து விழுந்ததும் நடுவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும். ஐந்தில் மூவர் ஒரே நொடிக்குள் அழுத்தினால்தான் புள்ளி. அதிலும் புகார் வந்தது. 2013-ல் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, தொழில்முறை ஆட்டத்தில் இருப்பதுபோல் சுற்றுக்கு ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்ற முறைக்குப் போனார்கள். விதி மாறியதை எந்தத் தமிழ்ப் பேப்பரும் எங்கள் பெஞ்சுக்கு விளக்கிச் சொன்னதாக ஞாபகம் இல்லை. பின்னால் வந்த குழப்பத்தில் பாதிக்கு அதுவே காரணம்.

இனி இன்றைக்கு வருவோம். 2021 ஜூலை 22 அன்று அமேசான் பிரைமில் ‘சார்பட்டா பரம்பரை’ வெளியானது. ஒரே வாரத்தில் எங்கள் ஊர் முழுக்கக் குத்துச்சண்டை வாத்தியார்கள். கொத்தமல்லிக் கட்டு இறக்குகிற பையன்கூட ‘இடது கையை இறக்காதடா’ என்று பாடம் எடுத்தான். சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூலை 29 பிற்பகல் மூன்றரை மணி வாக்கில், டோக்கியோவில் மேரி கோம் வளையத்தில் ஏறினார். 51 கிலோ பிரிவு. எதிரே கொலம்பியாவின் இங்க்ரிட் வாலென்சியா. கொரோனா இரண்டாம் அலை தணிந்து கடை திறந்திருந்த நேரம். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, ஒரே போனைச் சுற்றி ஆறேழு தலைகள்.

ஆட்டம் முடிந்ததும் மேரி கோம் கையைத் தூக்கினார். நடுவர் தூக்கியது வாலென்சியாவின் கையை. மேரி கோம் சிரித்தபடி எதிராளியைக் கட்டிப்பிடித்துவிட்டு இறங்கினார். தான் ஜெயித்ததாகவே நினைத்துக்கொண்டிருந்ததாக அவரே பிறகு சொன்னார். இங்கே டீ ஆறுவதற்குள் போனில் செய்தி கொட்டத் தொடங்கியது. சர்ச்சைத் தீர்ப்பு, அநியாயம், அதிர்ச்சி. அப்போது சட்ட அமைச்சராக இருந்த கிரண் ரிஜிஜு, நம்மைப் பொறுத்தவரை மேரி கோம்தான் வென்றவர் என்ற பொருளில் போட்ட ட்வீட் ஒரு தனிச் செய்தி. ஆட்டத்துக்கு ஒரு நிமிடம் முன்பு உடையை மாற்றச் சொன்னார்கள் என்று மறுநாள் மேரி கோம் கேட்ட கேள்வி இன்னொரு செய்தி.

பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்த பெரியவர், கபடிக் காலத்து ஆள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேட்டார்.

“ஏப்பா, ஜெயிச்ச புள்ள எந்த ஊரு?”

“கொலம்பியா பெரியப்பா. பேசி வச்சுத் தோக்கடிச்சுட்டாய்ங்க.”

“அது இருக்கட்டும். அந்தப் புள்ள பேரென்ன?”

போன் வைத்திருந்தவன் விரலால் தள்ளிக்கொண்டே போனான். மேரி கோமின் ஆறு உலகப் பட்டம் வந்தது, லண்டன் வெண்கலம் வந்தது, நான்கு பிள்ளைகளுக்குத் தாய் என்பது வந்தது. ‘கொலம்பிய வீராங்கனை’ என்று இரண்டு இடத்தில் வந்தது. பெயர் கீழே எங்கேயோ கிடந்தது, அதுவும் தப்பான எழுத்தில்.

“பேரில்லாமயா வந்து இத்தனை குத்துக் குத்துச்சு?” என்றார் பெரியவர்.

அந்தப் பிள்ளை பெயர் இல்லாத ஆளே இல்லை. 2016 ரியோவில் வெண்கலம் வென்றவர். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் கொலம்பியாவுக்குப் பதக்கம் வாங்கிக் கொடுத்த முதல் பெண். 2019 உலகப் போட்டியின் காலிறுதி உட்பட, மேரி கோமிடம் அதற்கு முன் இரண்டு முறை தோற்றவர். மூன்றாவது முறை திருப்பிக் கொடுத்துவிட்டார். எந்தப் பத்திரிகைக்காரருக்கும் நல்ல கதை இது. நம் பக்கம் அதை யாரும் சீந்தவில்லை.

கணக்குக்கும் அதே கதிதான். முதல் சுற்று வாலென்சியாவுக்கு 4-1. இரண்டாவதும் மூன்றாவதும் மேரி கோமுக்கு 3-2, 3-2. மூன்றில் இரண்டு சுற்றை எடுத்தவர் எப்படித் தோற்க முடியும் என்பதுதான் அன்று எல்லாப் போனிலும் ஓடிய கேள்வி. சுற்றுக்கணக்கை வைத்துத் தீர்ப்பு சொல்வதில்லை. ஐந்து நடுவர்களும் ஆளுக்கு ஒரு தாள் வைத்திருப்பார்கள். மூன்று சுற்றின் புள்ளிகளையும் அவரவர் தாளில் அவரவர் கூட்டுவார். கடைசியில் மூன்று தாள் யார் பக்கமோ அவர் ஜெயித்தார். முதல் சுற்றில் நால்வர் வாலென்சியா பக்கம் நின்றார்கள். அந்த நால்வரில் மூவர், மீதி இரண்டு சுற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் அவருக்குக் கொடுத்தால் போதும். அந்த ஒன்று ஆளுக்கு ஆள் வேறு வேறு சுற்றாக இருந்துவிட்டால், இரண்டு சுற்றும் மேரி கோமுக்கு 3-2 என்று இருக்கும், ஆட்டம் 3-2 என்று வாலென்சியாவுக்குப் போய்விடும். மொத்த ஓட்டைக் கூடுதலாக வாங்கிவிட்டுத் தொகுதியைக் குறைவாக எடுக்கிற கட்சியைப் பார்த்துப் பழகிய ஊர் இது. சொன்னால் இரண்டு நிமிடத்தில் புரிந்துகொள்ளும். சொல்லத்தான் ஆள் இல்லை.

நடுவர்கள் செய்தது சரி என்று நான் வாதாடவில்லை. அந்த ஆட்டத்தை இரண்டு பக்கமும் கொடுக்கலாம். அப்படிச் சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் குறை.

சந்தேகம் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2016 ரியோவில் அயர்லாந்தின் மைக்கேல் கான்லன் தோற்ற ஆட்டம் உட்படப் பல தீர்ப்புகள் நாறின. அங்கே பணியாற்றிய 36 நடுவர்களில் ஒருவரைக்கூட டோக்கியோவுக்கு விடவில்லை. சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கத்தின் கையிலிருந்து டோக்கியோ போட்டியையே ஒலிம்பிக் கமிட்டி பிடுங்கித் தனிக் குழுவிடம் கொடுத்தது. மேரி கோமின் ஆட்டம் முடிந்து இரண்டு மாதத்தில் மெக்லாரன் அறிக்கை வந்தது. ரியோவில் தீர்ப்புகளை வளைக்க ஓர் ஏற்பாடே இருந்தது என்று அது எழுதிவைத்தது. நம் மேரி கோமுக்காக நெஞ்சில் அடித்துக்கொண்ட இடங்களில் இந்த அறிக்கையைத் தேடினால், தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நிஜமான ஊழல் விரிவாக அம்பலமானபோது அதில் நம் ஆள் இல்லை. ஆகவே செய்தியும் இல்லை.

நம் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ அரையிறுதியில் சரிதா தேவி தென்கொரியாவின் பார்க் ஜி-னாவை ஓட ஓட விரட்டினார். பார்த்த கண்ணுக்குச் சரிதாதான். தீர்ப்பு 3-0, பார்க்குக்கு. மறுநாள் மேடையில் சரிதா அழுதபடி வெண்கலத்தைக் கழுத்தில் வாங்க மறுத்து, கையில் வாங்கி, வெள்ளி வென்ற பார்க்கின் கழுத்தில் மாட்டிவிட்டார். இரண்டு பதக்கத்தோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற பார்க்கின் படம் உலகம் சுற்றியது. அந்தப் பெண்ணும் தீர்ப்பு எழுதியவள் இல்லை. நடுவர்களும் கொரியர்கள் இல்லை. துனிசியா, இத்தாலி, போலந்து. மூவரும் 39-37 என்று ஒரே கணக்கு எழுதியிருந்தார்கள். ‘கொரியா தன் மண்ணில் திருடிவிட்டது’ என்று எழுதிய கைகள் இந்த மூன்று நாட்டின் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தால், கேள்வி இன்னும் கூர்மையாக வேறு பக்கம் போயிருக்கும். சரிதாவுக்கு ஓராண்டுத் தடை, ஆயிரம் சுவிஸ் பிராங்க் அபராதம். அந்த நேரத்தில் பேப்பரும் டிவியும் அவர் பக்கம் நின்றதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை. நிற்க வேண்டிய இடம்தான் அது. ஆனால் அன்று ஒரு வசதியும் கண்டுபிடிக்கப்பட்டது: தோல்விச் செய்தியைவிட அநியாயத் தோல்விச் செய்தி பத்து மடங்கு ஓடும்.

இந்த வசதி நமக்கு மட்டும் சொந்தம் இல்லை. 2017 ஜூலையில் பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவ், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், அந்த ஊர்க்காரரான ஜெஃப் ஹார்னிடம் பட்டத்தை இழந்தார். ஹார்ன் முன்னாள் பள்ளி ஆசிரியர். ‘சொந்த ஊர்த் தீர்ப்பு’ என்று மணிலா கொதித்தது. ‘நம்ம வாத்தியார் சாதித்தார்’ என்று பிரிஸ்பேன் கொண்டாடியது. பிலிப்பைன்ஸ் அரசின் விளையாட்டு வாரியம் மறு ஆய்வு கேட்டது. உலகக் குத்துச்சண்டை அமைப்பு, பெயர் வெளியிடாத ஐந்து நடுவர்களிடம் ஒலி இல்லாத காட்சியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னது. ஹார்னுக்கு 7 சுற்று, பாக்கியாவுக்கு 5 என்று வந்தது. வர்ணனையாளர் குரலை நிறுத்திவிட்டால் ஆட்டம் வேறு மாதிரி தெரியும் போலிருக்கிறது.

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் எது மாறியது? நிருபர் வளையத்தின் பக்கத்தில் இல்லை என்பது அப்படியே இருக்கிறது. அன்று அவர் தந்தியைப் பார்த்து எழுதினார், இன்று ட்வீட்டைப் பார்த்து எழுதுகிறார். தந்தியில் பாசம் இருக்காது. ட்வீட் போடுகிறவர் அமைச்சர், நடிகர், அல்லது தோற்றவரே. அன்று செய்தி வந்தபோது எங்களுக்குக் கருத்து இல்லை. படித்த பிறகு உண்டாக்கிக்கொண்டோம், அதற்கும் ஒரு நாள் அவகாசம் இருந்தது. இன்று கருத்து முதலில் வருகிறது, நடுவர் கையைத் தூக்குவதற்கு முன்பே. இன்னொன்றும் உண்டு. அன்று தோல்விச் செய்தி ஒருவரைத் தோற்றவராக விட்டுவைத்தது. அலி தோற்றார், வயதாகிவிட்டது, இனி ஆடக்கூடாது என்று பெஞ்சில் பேசிக்கொண்டார்கள். டோக்கியோவில் மேரி கோமுக்கும் அதே 38 வயது. அந்த வயதில், இரண்டு சுற்றைத் தன் பக்கம் இழுத்து ஒரு நடுவரின் தாளில் தோற்றார் என்பதே பெரிய விஷயம். அவருடைய தோல்வியை ஒத்துக்கொள்ளாததால் அந்தப் பெருமையையும் எழுத முடியாமல் போனது.

2024 ஆகஸ்டில் பாரிஸ். நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டிய ஆட்டம். 71 கிலோ காலிறுதியில் ஹரியானாவின் நிஷாந்த் தேவ் மெக்சிகோவின் மார்கோ வெர்டேயிடம் 4-1 என்று தோற்றார். முதல் சுற்றில் நிஷாந்த் முந்தினார், கடைசியில் கை ஓய்ந்தது. காலையில் டீக்கடை திறக்கும்போதே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ‘கொள்ளை’ என்று. குத்துச்சண்டை வீரர் விஜேந்தர் சிங் புள்ளிக் கணக்கே புரியவில்லை என்று பதிவு போட்டிருந்தார். வெர்டே அதன் பிறகு அரையிறுதியும் ஜெயித்து, மெக்சிகோவுக்கு வெள்ளி வாங்கிப் போனது எங்கள் பெஞ்சுக்கு வரவே இல்லை. நிஷாந்த் அடுத்த ஜனவரியில் அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கி முதல் சுற்றிலேயே எதிராளியை வீழ்த்தினார். அது வந்தது.

நம் ஆள் ஜெயித்த பக்கத்தையும் பார்த்துவிடலாம். 2018 நவம்பரில் டெல்லியில் பெண்கள் உலகப் போட்டி. 57 கிலோ பிரிவில், முன்னாள் உலக சாம்பியனான பல்கேரியாவின் ஸ்டானிமிரா பெட்ரோவா நம் சோனியா சாஹலிடம் 3-2 என்று தோற்றார். தீர்ப்பு அநியாயம் என்று பெட்ரோவா வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய பயிற்சியாளர் பெட்டர் லெசோவ், 1980 மாஸ்கோ ஒலிம்பிக் தங்கம் வென்றவர், தண்ணீர் பாட்டிலை வளையத்துக்குள் வீசினார். அனுமதி அட்டையைப் பறித்து வெளியே அனுப்பினார்கள். இஞ்சியோனில் சரிதாவுக்கு நடந்ததும் டெல்லியில் பெட்ரோவா சொன்னதும் ஒரே புகார்தான். நம் பக்கத்தில் செய்தியானது பாட்டில் வீச்சும் வெளியேற்றமும். பெட்ரோவாவுக்காக இங்கே யாரும் நடுவர்களின் நாட்டைத் தேடவில்லை, காட்சியைத் திரும்ப ஓட்டிப் பார்க்கவில்லை. சோனியா இறுதிப்போட்டி வரை போய் ஜெர்மனியின் ஆர்னெல்லா வானரிடம் தோற்று வெள்ளி வாங்கினார். அந்த வெள்ளியைப் பற்றி எழுதிய இடங்களில் பெட்ரோவாவின் பெயரைத் தேடிப் பார்த்தேன். பெரியவர் கேட்டிருந்தால் அன்றைக்கும் கொஞ்ச நேரம் தள்ளிக்கொண்டேதான் இருந்திருப்போம்.